அங்காடியும் அடையாளமும்: மருதனார்மடம் சந்தையை முன்வைத்து

அங்காடிக்குச் செல்பவர் பொருளைக் காண்பதற்கு முன்னர் எழுத்தைக் காண்கின்றார்; எழுத்தைக் காண்பதற்கு முன்னர் நிறத்தையும் உருவத்தையும் காண்கின்றார். எப்பக்கத்தால் உள்ளே புகுவது, எங்கே நிற்பது, யாரிடம் கேட்பது, எவ்வழியாக வெளியேறுவது என்னும் வினாக்களுக்கு எவரும் வாய்திறவாமலே அவருக்கு விடை கிடைத்துவிடுகின்றது. அவ்விடையைத் தருவன பெயர்ப்பலகைகள், அம்புக்குறிகள், சுவரின் வண்ணம், தூண்களில் எழுதிய இலக்கங்கள், வாயில் வளைவு, விளக்கொளி முதலியன. இவற்றைத் தனித்தனியே நோக்காது, ஓரிடத்துக்குரிய ஒரே மொழியாகக் கொண்டு ஒழுங்கமைக்கும் கலையை மேனாட்டார் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலே தனித்துறையாக வளர்த்தனர். 1973ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இத்துறையினர்க்கெனச் சங்கமொன்றும் தோன்றியது. தமிழில் இதனைச் சூழல் வரைகலை எனலாம். பெயர் புதிது, பொருள் புதிதன்று.

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைக் கூறுமிடத்து, தெய்வத்துக்கு எடுத்த கொடி, வாதுக்கு அழைக்கும் அறிஞர் நட்ட கொடி, கலத்தின் மேலாடும் கொடி, கள் விற்கும் மனையின் கொடி என வேறுபிரித்துக் காட்டுகின்றார். எழுத்தறியாத ஒருவனும் எவ்வாயிலில் எது கிடைக்குமென்பதைக் கொடியைக் கண்டே அந்நகரில் அறிந்திருப்பான். அதே பாட்டில் சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின் மேல் சோழரின் புலி இலச்சினையைப் பொறித்தே அவற்றைப் போகவிடுகின்றனர். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் பொதிகள் உரியவர் பெயரும் அளவும் எழுத்தாற் பொறிக்கப்பெற்றுக் காவலின்றிக் கிடக்கின்றன. கடலாடு காதையிலோ, வைகறையிலே கடற்கரைக்குச் செல்லும் கோவலனுக்கும் மாதவிக்கும் வழிகாட்டுவன விளக்குகளாகும். சாந்தும் பூவும் விற்போர் விளக்கு, கம்மியர் விளக்கு, மோதகம் விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு என ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணப்படுகின்றது. இருளிலே கடைத்தெருவை விளக்கின் வகைகொண்டு வாசிக்கும் இத்திறமே இன்றைய வணிக வளாகங்களில் ஒளிரும் பெயர்களுக்கு மூதாதை எனின் மிகையன்று.

நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சியில் விரித்துரைத்தவர் மாங்குடி மருதனார். மருதனார்மடம் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்கும் தமிழ் மாணவர்க்கு அப்புலவர் நினைவு வருதல் இயல்பே. ஆயின் பெயரொற்றுமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு ஊர்வரலாறு புனைதல் தகாது. பெயரின் பிற்பாதியாகிய மடமே ஈண்டுக் கூடுதலாகச் சிந்திக்கத்தக்கது.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், இணுவில் ஆகியவற்றைக் கடந்து, சுன்னாகத்தை அடையுமுன் மருதனார்மடம் சந்தியை எதிர்கொள்வர். கிழக்கே உரும்பிராய்க்கும் மேற்கே மானிப்பாய்ப் பக்கத்துக்கும் வீதிகள் பிரிகின்றன. வாகனங்கள் வருவதற்கு முன்னர் இத்தகைய வழிகளில் நடந்தோர்க்குப் பெயர்ப்பலகைகள் இருந்ததில்லை. மடம் இருந்தது, மடத்தருகே கிணறும் மாடு நீரருந்தும் தொட்டியும் இருந்தன, தலைச்சுமையை இறக்குதற்குச் சுமைதாங்கியும், மாடுகள் உரசிக்கொள்வதற்கு ஆவுரஞ்சிக்கல்லும் நின்றன. பருத்தித்துறைத் தெருமூடிமடம் வீதியின் குறுக்கே கூரையாக நின்று அக்கால அமைப்பினை இன்றும் காட்டிக்கொண்டிருக்கின்றது. இவை ஒவ்வொன்றும் பயன்பொருள், அதேவேளை குறியுமாகும். சுமைதாங்கியைக் காணும் வழிப்போக்கன் ‘இங்கே இளைப்பாறலாம்’ என்று எழுதிய பலகையை எதிர்பார்க்கவில்லை. அவன் தோள் உயரத்துக்கு நின்ற கல்லே அதனைக் கூறிற்று.

இம்மரபு யாழ்ப்பாணப் பேச்சிலும் ஊறிக் கிடக்கின்றது. ஆலடி, புளியடி, அரசடி, மடத்தடி, கோயிலடி, பள்ளிக்கூடத்தடி என, இடத்தைச் சுட்டும் சொல்லின் ஈற்றில் ‘அடி’ நிற்கும். வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் கேட்டு வரும் தபாற்காரர் ஒருவரையன்றி ஏனையோர் அனைவரையும் இவ்வடிகளே வழிநடத்தின. ஆல் பட்டுப்போய் மூன்று தலைமுறை கழிந்த பின்னரும் ஆலடி ஆலடியாகவே இருப்பதுண்டு. அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் 1960இல் வெளியிட்ட ‘நகரத்தின் பிம்பம்’ எனத்தகும் நூலில், மனிதர் நகரொன்றைத் தம் மனத்திலே பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளச்சின்னம் என்னும் ஐந்தினால் வரைந்துகொள்கின்றனர் என்று எடுத்துக்காட்டினார். இவ்வைந்தையும் மருதனார்மடத்திலே காண்பதற்கு நெடுந்தூரம் நடக்கவேண்டியதில்லை. காங்கேசன்துறை வீதி பாதை. நாற்புறமும் வீதிகள் கூடுமிடம் சந்தி. சந்தையும் அதனைச் சூழ்ந்த கடைகளும் வட்டாரம். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்கல்விக்கென நிறுவிய இராமநாதன் கல்லூரியின் வளவு விளிம்பு. கோயிலில் ஓங்கி நிற்கும் ஆஞ்சநேயர் திருவுருவம் அடையாளச்சின்னம். பஸ்ஸில் வரும் புதியவருக்கு நடத்துனர் இறங்குமிடத்தை விளக்க அவ்வுருவம் ஒன்றே போதுமாகின்றது. அதனை அமைத்தோர் பக்தியினாலே அமைத்தனர். வழிகாட்டும் பயன் தானாக வந்து சேர்ந்தது.

வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் பொறுப்பிலுள்ள மருதனார்மடம் மரக்கறிச் சந்தை, செம்மண் தோட்டங்களின் நடுவே அமைந்தது. உரும்பிராய், ஊரெழு, ஏழாலை, குப்பிழான், புன்னாலைக்கட்டுவன் ஆகிய ஊர்களில் விளைவன இப்பக்கத்துச் சந்தைகளையே நாடி வருகின்றன. இத்தகைய சந்தைக்குள் முதன்முறை நுழைபவருக்கு அது ஒழுங்கற்றதாகவே தோன்றும். சாக்குகள், கூடைகள், தராசுகள், குனிந்த முதுகுகள், விலைகூறும் குரல்கள் என்பவற்றுக்கிடையே எது தலை, எது வால் என்பது தெரியாது. ஆனால் நாள்தோறும் வருபவருக்கு அது திறந்த புத்தகம். கீரைப்பிடிகளின் ஈரம் ஒருபுறத்தைக் காட்டும். வெங்காயச் சருகு காலில் மிதிபடுதல் மற்றொரு புறத்தைக் காட்டும். வாழைக்குலைகள் சாத்திய சுவர் பிறிதொன்றைக் காட்டும். குவியலின் உருவமே பொருளின் தரத்தைக் கூறும்: முன்வரிசையிலே பெரிய கத்தரிக்காயும் பின்வரிசையிலே சிறியதும் இருக்கக் கண்டால், வாங்குபவர் பின்வரிசையிலிருந்து தருமாறு வற்புறுத்தமாட்டார். யாரிடம் வாங்குவது என்பதும் பெயரினால் அறியப்படுவதன்று. ‘மூன்றாந்தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆச்சி’ என்றே வீட்டிலிருந்து கடைக்கனுப்பும் பிள்ளைக்குச் சொல்லப்படும். தூணும் ஆச்சியும் சேர்ந்து ஒரு வணிகப்பெயர். இன்று நிறுவனங்கள் பெருந்தொகை செலவிட்டு வளர்க்க முயலும் நம்பிக்கை என்பது அத்தூணடியிலே பல்லாண்டு அமர்ந்திருந்தமையால் மட்டும் உண்டானது.

வணிக வளாகம் இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகின்றது. அங்கே எவரும் எவரையும் அறியார் என்பதே அடிப்படைக் கொள்கை. வியன்னாவிலே பிறந்து 1938இல் அமெரிக்கா சென்று குடியேறிய கட்டடக் கலைஞர் விக்ரர் குரூன், 1956இல் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனா நகரில் சவுத்டேல் என்னும் வளாகத்தை அமைத்தார். முழுவதும் கூரையிட்டு, வெப்பமும் குளிரும் கட்டுப்படுத்தப்பட்ட கடைத்தொகுதிகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. வியன்னாவின் தெருக்களில் மக்கள் உலவியது போன்று அமெரிக்கப் புறநகரத்தாரும் கூடிக் களிக்க ஒரு முற்றம் வேண்டுமென்பதே அவர் எண்ணம். நிகழ்ந்தது வேறு. வந்தவர், வந்த காரியத்தை மறந்து கடைகடையாக அலைந்து பொருள் வாங்கத் தொடங்கும் மனநிலைக்கு அவர் பெயரே சூட்டப்படலாயிற்று. 1978இல் அவர் தம் வழிவந்த வளாகங்களைத் தம்முடையவையென ஏற்க மறுத்துப் பேசினார். தம் படைப்பையே இவ்வாறு வெளிப்படையாகத் தள்ளிவைத்த கலைஞர் உலகிற் சிலரே.

இதிலிருந்து சூழல் வரைகலையின் உட்பகை ஒன்று புலனாகும். வளாகத்தின் எழுத்துக்கும் குறிக்கும் இரண்டு எசமானர் உளர். வணிகர் வந்தவரை நிறுத்திவைக்க விரும்புகின்றார். வந்தவர் தமக்கு வேண்டியதை அடைந்து வெளியேற விரும்புகின்றார். வணிகப்பெயரை மனத்திற் பதிக்கும் பெரிய ஒளியெழுத்து முன்னவருக்கு உழைக்கின்றது. மலசலகூடத்தையும் படிக்கட்டையும் வெளிவாயிலையும் காட்டும் சிறிய அம்பு பின்னவருக்கு உழைக்கின்றது. எவ்வளாகத்திலும் இவ்விரண்டின் அளவை ஒப்புநோக்கினால் எவர் கை ஓங்கியுள்ளதென்பது தெரிந்துவிடும். நல்ல வளாகங்களில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒரே நிறமும் ஒரே எழுத்துருவமும் வாயில் முதல் வாகனத் தரிப்பிடம் வரை தொடர்ந்து வருமாயின், வந்தவர் வழிதவறமாட்டார், வழிதவறாமையினாலே அவ்விடத்தின் மீது அவருக்கு நல்லெண்ணம் உண்டாகும், அந்நல்லெண்ணமே வணிகப்பெயராகின்றது. தீயவற்றிலோ வெளிவாயிலைத் தேடுவது ஒரு விளையாட்டாகிவிடும். கைக்குழந்தையோடு வந்த தாய்க்கு அது விளையாட்டன்று.

இலங்கையிலே கட்டடமே பெயர்ப்பலகையாக நின்ற பழைய உதாரணம் கொழும்புக் கோட்டையில் 1906இல் எழுந்த காகில்ஸ் நிறுவனத்தின் செந்நிற மாளிகையாகும். அதே நிறுவனத்தின் பெயர் தாங்கிய சதுக்கம் 2013இல் யாழ்ப்பாண நகரில் திறக்கப்பட்டது. அதுவரை யாழ்ப்பாணத்தார் அறிந்த கடைவட்டாரங்கள் பெரியகடை, சின்னக்கடை, நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதி என்பனவாகும். அவற்றுக்கு எல்லைப்பலகை கிடையாது. தங்கத்தின் நிறத்தை நாடுவோர் கஸ்தூரியார் வீதியைப் பலகை பார்த்துத் தேடுவதில்லை. புதிய சதுக்கத்திலோ உலகின் எப்பகுதியிலும் ஒரே வடிவிற் காணும் சின்னங்கள் யாழ்ப்பாணத்தாரை வரவேற்றன. பெயர்கள் கடல்கடந்து வருவதும் போவதும் இருவழிப் போக்குவரத்தே. கனடாவின் ரொறன்ரோ நகரைச் சேர்ந்த ஸ்காபரோவிலே தமிழ்க்கடைகள் நிறைந்த வளாகமொன்றுக்கு மஜெஸ்ரிக் சிற்றி என்று பெயர். கொழும்பு பம்பலப்பிட்டியில் அப்பெயருடைய வளாகம் உண்டு. கொழும்பைத் துறந்து போனவர்கள் குளிர்நாட்டிலே புடவையும் பலசரக்கும் வாங்கப் போகுமிடத்துக்கு அப்பெயரே பொருந்திற்று. அங்கே பலகையிலுள்ளது விளம்பரம் மட்டுமன்று. அது இழந்த ஊருக்கு ஓர் அம்புக்குறி.

மருதனார்மடம் போன்ற சந்திகளில் 2009இன் பின்னர் நிகழ்ந்த மாற்றம் வேறு வகையானது. தொலைபேசிக் கம்பனிகளும் குளிர்பானக் கம்பனிகளும் சிறு கடைகளுக்கு இலவசமாகப் பெயர்ப்பலகை வழங்கும் வழக்கம் குடாநாடெங்கும் பரவியது. பலகையின் பெரும்பகுதியைக் கம்பனியின் நிறமும் சின்னமும் பிடித்துக்கொள்ள, கடைக்காரரின் பெயர் ஒரு மூலையிலே ஒதுங்கிற்று. வீதியின் இருமருங்கும் ஒரே சிவப்பு, ஒரே பச்சை, ஒரே மஞ்சள். தூரிகை பிடித்துப் பலகை எழுதியோரின் தொழில் இதனாலும் அச்சிட்ட பிளாஸ்ரிக் சீலையினாலும் நலிந்தது. அவர்கள் எழுதிய எழுத்துக்கு ஒரு சாய்வும் நிழலும் இருந்தன. இக்கடையின் ‘ஸ்ரோர்ஸ்’ வேறு, அக்கடையின் ‘ஸ்ரோர்ஸ்’ வேறு. கடைக்காரர் பலகையை இலவசமெனக் கருதினார். உண்மையில் தம் முகப்பைக் கம்பனிக்கு வாடகையின்றிக் கொடுத்தவர் அவரே.

தமிழெழுத்தின் இயல்பையும் இங்குக் கூறாதிருத்தல் இயலாது. பத்தடித் தூரத்துக்கு ஓரங்குல உயரம் இருப்பின் எழுத்தை வசதியாக வாசிக்கலாம் என்பது மேனாட்டுப் பலகைத் தொழிலினர் கொள்ளும் பொது வாய்ப்பாடு. அது உரோம எழுத்துக்கு வகுத்தது. தமிழிலே ‘ணை’, ‘ஞ’, ‘ழு’ போன்றவற்றின் உட்சுழிவுகள் சற்றுத் தூரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகிவிடும். முதலில் மறைவது மெய்யின் புள்ளி. காலும் ரகரமும் வேறுபாடின்றி வரையப்பட்ட எழுத்துருக்களில் சொல்லே தடுமாறும். சொற்களும் நீளமானவை: ஆங்கிலத்தில் இரு சிறு சொற்களில் முடிவதைத் தமிழில் எழுதினால் பலகையின் ஒருகோடியிலிருந்து மறுகோடிவரை ஓடும். இதனை உணராதவர்கள் ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்துக்குள்ளே தமிழை நெருக்கிப் புகுத்துகின்றனர். விளைவு யாதெனின், மும்மொழிப் பலகையிலே மூன்று மொழியும் இருந்தும் வாசிக்கக்கூடியன இரண்டாகவே அமைகின்றன. தமிழுக்கு இடங்கொடுத்தாயிற்று என்னும் பதிவு மட்டும் எஞ்சுகின்றது.

இது வெறும் அழகியற் குறையன்று. இந்நாட்டிலே பலகையும் எழுத்தும் குருதி சிந்த வைத்தவை. 1957இல் வாகன இலக்கத்தகடுகளிற் சிங்கள ஸ்ரீ எழுத்து புகுத்தப்பட்டபோது வடக்கிலே அதற்கெதிராக இயக்கம் எழுந்தது. 1958இல் தென்னிலங்கையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டின் வன்செயல்கள் தொடர்ந்தன. 1987இல் அரசியலமைப்புத் திருத்தத்தினாலே தமிழும் அரசகரும மொழியென எழுதப்பட்ட பின்னரும், 2021இல் கொழும்பிலே சட்டமா அதிபர் திணைக்கள நூலகமொன்றின் நினைவுப்பலகையில் சிங்களமும் ஆங்கிலமும் சீனமும் இருக்க, தமிழ் இல்லாமற் போனமை பெருஞ் சர்ச்சையாகி அப்பலகை அகற்றப்பட்டது. பெயர்ப்பலகை வாசிப்பவனை நோக்கி, ‘நீயும் எதிர்பார்க்கப்பட்டவனே’ என்று சொல்கின்றது. அல்லது சொல்லாது விடுகின்றது. வணிக வளாகங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

பெயரொன்று எவ்வளவு விரைவிலே நிறம் மாறும் என்பதை மருதனார்மடம் தன் அனுபவத்திலேயே கண்டது. 2020 டிசெம்பரில் சந்தையைச் சேர்ந்த வணிகரிடையே கொரோனாத் தொற்றுக் கண்டறியப்பட்டது. சந்தை மூடப்பட்டது. ‘மருதனார்மடம் கொத்தணி’ என்னும் தொடர் செய்தித்தாள்களிலும் வானொலியிலும் நாள்தோறும் ஒலித்தது. அதுவரை பச்சைக் காய்கறியை நினைவூட்டிய பெயர், ஒரு வாரத்துக்குள் எச்சரிக்கைப் பலகையாயிற்று. எந்த வரைகலைஞரும் வரையாத சின்னம் அது. பெயர் கெட்டதினும் பெரிய இழப்பு வேறொன்றுண்டு. சந்தை மூடிய நாட்களில் தூணடி ஆச்சியிடம் வாங்கியோர்க்கு ஆச்சியின் பெயர் தெரியாது, வீடு தெரியாது, தொலைபேசி இலக்கம் தெரியாது. இடமே முகவரியாக இருந்தமையால், இடம் பறிபோனவுடன் முகவரியும் போயிற்று. இடத்தின் நினைவை மட்டும் நம்பி நின்ற ஒழுங்கிற்கு இதுவே எல்லை. பெருங்கடைகளோ அவ்விடர்க்காலத்திலே தம் பெயரையும் சின்னத்தையும் ஏந்திக்கொண்டு வீட்டுவாயிலுக்கே பொருள் அனுப்ப வல்லனவாயிருந்தன. ஆதலின் பழைய சந்தையைப் புகழ்வதோடு அமைந்துவிடுதல் போதாது. தராசின் அருகே ஒரு சிறு தகடு, அதிலொரு பெயர், ஓர் ஊர், ஓர் இலக்கம் என்னும் அளவுகூட அச்சிறு விற்பனையாளர்க்குக் காப்பாக அமைந்திருக்கும்.

எனினும் கட்டடத்தையும் பலகையையும் முதலில் நிறுத்தி மக்களைப் பின்னர் அழைத்தலும் பயன்தராது. 2022 மார்ச்சில் மட்டுவிலில் பொருளாதார மத்திய நிலையம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. கடையறைகள் வரிசையாக நின்றன, பெயர் எழுதப்பட்டிருந்தது, வணிகரும் விவசாயிகளும் வராமையால் நெடுநாள் அது இயங்காது கிடந்தது. சென்னையிலே 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மொத்தச் சந்தை மாற்றப்பட்டபோது பூ, பழம், காய்கறி என மூன்றாகப் பிரித்துப் புதிய வளாகம் அமைத்தனர். நெருக்கடி நிறைந்த பழைய தெருவின் ஒழுங்கு அங்கே வகையின் ஒழுங்காக மாறிற்று. அது நிலைபெற்றமைக்குக் காரணம் பலகையன்று; வணிகம் முழுவதும் அங்கே பெயர்ந்தமையே. குறி, நடக்கும் கால்களுக்கு உதவுமேயன்றிக் கால்களை உண்டாக்காது.

சந்தையிலே எழுதப்படாதிருக்கும் ஒன்றையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். குடாநாட்டுச் சந்தைகளில் விவசாயி கொண்டுவரும் மரக்கறியின் நிறையில் நூற்றுக்குப் பத்து ‘கழிவு’ என்று கழித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. பன்முறை எதிர்ப்புக்கும் உள்ளாயிற்று. நூறு கிலோக் கத்தரிக்காய் கொண்டுவந்தவர் தொண்ணூறு கிலோவுக்கே பணம் பெற்றார். இவ்வழக்கம் எச்சுவரிலும் எழுதப்பட்டதில்லை. எழுதப்பட்டிருப்பின் நாணத்தினாலேயே அழிந்திருக்கும். எழுதாமல் விடப்படுவதும் ஒருவகைச் சூழல் வரைகலையே. அதன் எசமானர் யாரென்பதைக் கூறவேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வணிகர் விலைகளை எளிதிற் புலப்படும்படி காட்சிக்கு வைத்தல் வேண்டும் என்கின்றது. இவ்விதி வாங்குபவரைக் காப்பது. விளைவித்தவரைக் காக்கும் பலகை இன்னும் வேண்டியுள்ளது: அன்றைய மொத்தவிலை, தராசின் செம்மை, கழிக்கப்படும் அளவு, குத்தகைகாரர் அறவிடத்தக்க கட்டணம், முறையிட வேண்டிய இடம். இவ்வைந்தும் வாயிலிலே தெளிவாக எழுதப்பட்டால், எந்த அலங்கார வளைவும் தராத நற்பெயரை அச்சந்தை பெறும். பொதுக்கட்டடங்களிலே மிகப்பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் திறந்துவைத்த பிரமுகரின் பெயராகும். காய்கறி விலையை அறிய வந்தவருக்கு அதனாலாகும் பயன் ஆராய்ச்சிக்குரியது.

வாசிக்க அறியாதோர்க்கு இவை எவ்வாறு உதவும் என வினவலாம். 1969இல் மெக்சிக்கோ நகரின் நிலக்கீழ் இரயிற்பாதை தொடங்கியபோது, எழுத்தறியாப் பயணிகளையும் கருத்திற்கொண்டு ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சித்திரக்குறி அமைக்கப்பட்டது. லான்ஸ் வைமன் என்னும் கலைஞர் அவற்றை வகுப்பதில் முதன்மையானவர். ஊரின் வரலாற்றிலிருந்தும் அயலிலுள்ள பொருள்களிலிருந்துமே அக்குறிகள் எடுக்கப்பட்டன. பட்டினப்பாலைக் கொடிகளின் தத்துவம் இதுவே. மருதனார்மடத்துக்கு வேண்டிய குறிகளும் அயலிலேயே உள்ளன. அவற்றை வரையும் கைகளும் அயலிலேயே உள்ளன. 1960இல் இசைக்கெனத் தோன்றி 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்விமுறையோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் இவ்வூரிலேயே அமைந்தது. இசையும் நடனமும் மட்டுமன்றிச் சித்திரமும் வடிவமைப்பும் அங்குப் பயிற்றப்பட்டு வந்துள்ளன. சித்திரம் பயிலும் மாணவர் கண்காட்சி மண்டபத்துக்கு ஓவியம் தீட்டுகின்றனர், அது நன்றே. அவர்கள் தம் பயிற்சியின் ஒரு பகுதியாகச் சந்தையின் நடைவழியை அளந்து, கீரைக்கும் கிழங்குக்கும் பழத்துக்கும் குறி வரைந்து, தமிழெழுத்தை எத்தனை அங்குலத்தில் எந்நிறத்தின் மேல் எழுதினால் மங்கலான விடியற்காலை ஒளியிலும் தெரியும் என்று எழுதிப் பார்ப்பாராயின், அத்தேர்வுக்குப் புள்ளியிடுவோர் விரிவுரையாளர் மட்டுமல்லர். நாள்தோறும் வந்துபோவோர் அனைவருமாவர்.

அவ்வாறு அளக்கப் புகுவோர் ஒன்றை முதலிலே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். பலகைகள் யாவும் நிற்பவரின் கண்மட்டத்துக்கு, அதாவது நிலத்திலிருந்து ஐந்தடி உயரத்துக்கு அமைக்கப்படுகின்றன. வணிக வளாகங்களில் நிற்பவரும் நடப்பவருமே உளராதலின் அது அங்குப் பொருந்தும். சந்தையிலே தாம் விளைவித்த கீரையையும் மிளகாயையும் சாக்கு விரித்து முன்வைத்திருக்கும் பெண்கள் காலை முதல் நிலத்தில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களின் கண்மட்டம் இரண்டரை அடி. அன்றைய விலை எழுதிய பலகை வாங்குவோரின் முதுகுகளுக்கு அப்பால் தொங்குமாயின், விற்பவளுக்கு அது தெரியாது. எதிர்ச்சுவரிலே, கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக, அவள் நிமிர்ந்து பார்த்தவுடன் புலப்படும் கோணத்தில் அது இருத்தல் வேண்டும்; எழுத்து நான்கங்குலத்துக்குக் குறையாமலும், இலக்கம் அதனினும் பெரிதாகவும், ஒவ்வொரு நாளும் அழித்து எழுதத்தக்க கரும்பலகையாகவும் அமைதல் நன்று.